அவித்த போனுக்கு நட்டஈடு

சுதாகரன் மாமா எத்தனையோ போன் மாற்றியிருக்கிறார். போத்தலை மட்டும் மாற்றியதில்லை.

அது எப்போதோ மால்ட் மா வாங்கிய பிளாஸ்ரிக் போத்தல். அகன்ற வாய், சிவப்பு மூடி, கழுத்தில் நைலோன் கயிறு. விடிய வாவியில் வலை வீசப் போகும்போது போனை அதற்குள் போட்டு, மூடியை இறுக்கி, கயிற்றைத் தோணிப் பலகையில் கட்டிவிடுவார். அழைப்பு வந்தால் போத்தல் முழுவதும் நடுங்கும். மூடியைக் கழற்றி, விரலை உள்ளே விட்டு ஸ்பீக்கரைத் தட்டி, வாயைப் போத்தல் வாயோடு வைத்துக் கதைப்பார். போனை வெளியே எடுக்கமாட்டார். எங்கள் ஊரான செட்டிபாளையத்தில் அவரோடு போனில் கதைத்தவர்கள் எல்லோரும் அவர் கிணற்றுக்குள் விழுந்து கிடப்பதாகவே முதலில் நினைத்திருக்கிறார்கள். போத்தல் சில தடவை தண்ணீரில் விழுந்தது. விழுந்த ஒவ்வொரு தடவையும் மிதந்தது. அதற்கு உத்தரவாதப் பத்திரம் எதுவும் இருக்கவில்லை.

மாமாவின் மகன் நிலோஜன் எனக்கு மச்சான். டோஹாவுக்குப் போய், கொம்பனி படுத்து, போன வேகத்தில் திரும்பி வந்தவன். வந்த பிறகு ஓட்டோ ஓடினான். ஓட்டோக்காரன் ஓட்டோவை விற்றான். சீமெந்துக் கடையில் நின்றான், கடை மூடியது. கடைசியாகக் களுவாஞ்சிகுடியில் ஒரு போன் கடையில் மூன்று மாதப் பரீட்சார்த்த வேலை கிடைத்தது. மூன்றாம் மாத முடிவில் கணக்குச் சரியாக இருந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் வீடு. அன்னப்பூரணி மாமி இந்த 'நிரந்தரம்' என்ற சொல்லைக் கோயிலில் அருச்சனைக்குக் கொடுக்கும்போது பெயர், நட்சத்திரத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கணக்கு என்றால் போன் விற்ற கணக்கல்ல. போனை யாரும் விற்கலாம். மனேஜர் றோய்க்கு வேண்டியது 'நிம்மதித் திட்டம்'. மாதாமாதம் ஒரு தொகை கட்டினால், போன் விழுந்து உடைந்தாலும் நனைந்தாலும் கொம்பனி மாற்றித் தரும். வேறு கடையில் வாங்கிய போனுக்கும் போடலாம். இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று ஓர் இலக்கு. சேர்ந்தவர்கள் விலகினால் அதுவும் கழியும்.

வெளியாட்கள் கேள்வி கேட்டார்கள். உரித்துக்காரச் சொந்தங்கள் கேட்கவில்லை. ஆகவே நிலோஜன் உரித்துக்காரர்களிடம் போனான். முதலில் போனது சீனித்தம்பிப் பெரியப்பாவிடம். அவர் கோயிலில் எங்கள் குடிக்கு, அதாவது எங்கள் வம்சத்துக்கு, வண்ணக்கர். திருவிழாச் செலவு முதல் வழக்கு வரை குடியின் சார்பில் கையெழுத்துப் போடுகிற பதவி அது.

"இது நல்லமா மனே?"

"நல்லம் பெரியப்பா. நனைஞ்சாலும் குடுப்பாங்க."

"அப்ப போடு."

அவர் பழக்கத்தில் கையெழுத்துப் போட்டார். வண்ணக்கர் போட்டுவிட்டார் என்ற செய்தி பரவியதும் குடி முழுவதும் போட்டது. எதற்குப் போட்டார் என்பதை ஒருவரும் விசாரிக்கவில்லை. பட்டன் போன் மட்டும் வைத்திருந்த ஆச்சிப்பிள்ளை அக்கா, கிணற்று மோட்டருக்குப் போடலாமா என்று கேட்டா. ஏலாது என்றதும் மனம் நொந்தா.

பல்கலைக்கழகத்தில் ஊழியர் வேலைநிறுத்தம். நான் வீட்டில் சும்மா இருந்தேன். அதனால் நிலோஜனோடு வீடு வீடாகப் போய்ப் பத்திரத்தில் இங்கிலிஸ் உள்ள இடங்களுக்கு நேரே தலையாட்டுவது என் வேலையானது. படித்த பிள்ளை தலையாட்டுகிறது என்பதில் சனத்துக்கு ஒரு தைரியம். பத்திரத்தை நானும் வாசிக்கவில்லை.

மாமாவுக்கும் புதுப் போன் ஒன்றைத் திட்டத்தோடு நிலோஜனே எடுத்துக் கொடுத்தான். மாமா அதையும் போத்தலுக்குள் போட்டார். போட்டதோடு நிற்காமல் ஒருநாள் போத்தலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். றோய் பார்த்தார். மாமா போனபிறகு நிலோஜனைக் கூப்பிட்டார்.

"தம்பி, உன்ட அப்பாவே திட்டத்த நம்பல்ல. மத்தவன் எப்பிடி நம்புவான்?"

அன்று பின்னேரம் வீட்டில் நிலோஜன் போத்தலைக் கேட்டு வாங்கினான். "இனி இது என்னத்துக்கு அப்பா? நனைஞ்சா புதுசு தருவாங்க."

மாமா கேட்டார்: "அப்ப நனையலாமா?"

"நனையச் சொல்லல்ல. நனைஞ்சாலும் பயமில்ல."

போத்தல் மாமியின் குசினிக்குப் போனது. மாமி அதில் மிளகாய்த்தூள் போட்டு வைத்தார். போன் மாமாவின் சேட்டுப் பைக்குப் போனது.

மூன்றாம் மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது அது நடந்தது. மாமா வலையை இழுக்கக் குனிந்தார், போனும் அவரோடு குனிந்தது. முழங்கால் அளவுத் தண்ணீர். உடனே எடுத்துவிட்டார். எடுக்கும்போது திரையில் வெளிச்சம் இருந்ததாம். கரைக்கு வரமுன் அணைந்துவிட்டது.

நிலோஜன் கடையில். வீட்டில் மாமி மட்டும். நனைந்த போனை அரிசிக்குள் புதைத்தால் ஈரத்தை அரிசி இழுத்துவிடும் என்பது ஊரறிந்த வைத்தியம். ஆனால் அன்று மாமியிடம் அரிசி இல்லை. அரிசி முடிந்தபடியால்தான் அடுத்த நாள் நெல் அவிக்க இருந்தார். அரிசிக்கு எங்கே போவது? மூலையில் இருந்த நெல் உரப்பைக்குள் போனை ஆழமாகச் செருகினார். இந்த இடத்தில் மாமியைக் குறை சொல்ல ஏலாது. நெல்லுக்குள் அரிசிதானே இருக்கிறது.

மாமி, மாமா எடுத்திருப்பார் என்று நினைத்தார். மாமா, நிலோஜன் வந்து எடுத்திருப்பான் என்று நினைத்தார். நிலோஜனுக்குப் போன் நனைந்த கதையே தெரியாது. அவன் களைத்து வந்து, மிஞ்சியிருந்த மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டான். மாமி உரப்பையைத் தகரப் பரலுக்குள் கவிழ்த்துத் தண்ணீர் விட்டு நெல்லை ஊறப் போட்டார். விடிய அடுப்பில் கிடாரத்தை ஏற்றி அவித்தார். நெல் நன்றாக வாய் பிளந்து வந்தது. முற்றத்தில் விரித்த படங்கில் கொட்டி, காலால் கிளறிக் காயவிடும்போது கால் எதிலோ தட்டியது.

"ஐயோ என்ட ஆத்தே!"

நான் அடுத்த வீட்டிலிருந்து ஓடிவந்தேன். மாமா வேலியடியில் இருந்து வந்தார். போன் படங்கில் கிடந்தது. கொஞ்சம் ஊதிப்போய், நடு வளைந்து, முதுகு திறந்து கிடந்தது. ஆவி பறந்தது. புழுங்கல் வாசம் நல்ல பதமாக இருந்தது.

"நான் எடுக்கச் சொன்னன்தானே?" என்றார் மாமி.

"ஆரிட்ட சொன்னாய் புள்ள?"

"உங்களிட்டத்தான்."

"எப்ப?"

மாமி யோசித்தார். "மனசில சொன்னன் போல."

நிலோஜன் கடைக்கு வெளிக்கிட்டு, தலை சீவிய சீப்போடு வந்து நின்றான். கதையைக் கேட்டான். குந்தியிருந்து போனைத் தொட்டான். சுட்டது, கையை எடுத்துவிட்டான். அவன் யாரையும் ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"குடிக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

குடிக்குத் தெரிந்திருந்தது. ஆச்சிப்பிள்ளை அக்கா வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டுதான் நின்றா. மத்தியானத்துக்கு முதல் சீனித்தம்பிப் பெரியப்பா வந்து, படங்கைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்.

"பாப்பம் மனே. சுதாகரன்ட போனுக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுப்பான். குடுக்கல்லயெண்டா நாங்க எல்லாரும் விலத்துவம். நீ கோவிக்கப்படாது."

ஆக, நிலோஜனின் நிரந்தரம் ஓர் அவித்த போனில் தொங்கியது.

அடுத்த நாள் மட்டக்களப்புக்கு பஸ் ஏறினோம். மாமா, நிலோஜன், நான், சொப்பிங் பையில் போன். நிலோஜன் பஸ்ஸில் மாமாவுக்குப் பாடம் எடுத்தான்.

"அப்பா, 'தண்ணில விழுந்திச்சி' எண்டு மட்டும் சொல்லுங்க. அது மெய்தானே?"

"மெய்தான்."

"மிச்சக் கதைய நீங்களா சொல்லாதீங்க."

"கேட்டா?"

"கேக்கமாட்டாங்க."

நட்டஈட்டுக் காரியாலயம் ஒரு புடைவைக் கடைக்கு மேலே, ஒடுங்கிய படிகளின் முடிவில் இருந்தது. மர வாங்கில் எங்களுக்கு முன்னே நிறையப் பேர். எல்லோர் மடியிலும் ஒவ்வொரு சொப்பிங் பை. ஆஸ்பத்திரி போலவே இருந்தது. இருமல் மட்டும் இல்லை. மின்விசிறி ஒருபக்கம் திரும்பியதும் மறுபக்கம் திரும்ப மறந்து நின்றது. எங்கள் முறை வருவதற்குள் மாமா ஒரு தூக்கம் தூங்கி எழும்பிவிட்டார்.

கவுண்டரில் டினுஷா என்று பெயர்ப் பட்டி குத்திய பெண். களைத்த முகம், கோபமில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவர் மேசையில் பேனை போடுகிற கப் ஒன்று இருந்தது. அதில் பேனை இல்லை. முக்கால் கப் அரிசி இருந்தது.

"என்ன நடந்த?"

"தண்ணில விழுந்திச்சி," என்றார் மாமா.

"எந்தத் தண்ணி?"

இது பாடத்தில் இல்லை. மாமா நிலோஜனைப் பார்த்தார். "ஆத்துத் தண்ணி." வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

"மறுகா?"

"மறுகா எடுத்த."

"எடுத்து?"

"எடுத்து... இஞ்ச கொண்டுவந்த."

டினுஷா போனை எடுத்து உள்ளங்கையில் மெல்லத் தட்டினார். ஒன்றுமில்லை. திருப்பி, சார்ஜ் குத்துகிற பக்கத்தைக் கீழே பிடித்து இன்னொரு தரம் தட்டினார். ஒரு நெல் விழுந்தது.

நாங்கள் நால்வரும் அந்த நெல்லைப் பார்த்தோம்.

"அரிசிக்குள்ள வெச்சிங்களா?"

"இல்ல மிஸ்," என்றான் நிலோஜன். அது உண்மை. அவன் சொல்லி முடிக்க இரண்டாவது நெல் விழுந்தது.

டினுஷா நெல்லை எடுத்து நகத்தால் கீறினார். முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. "இது அவிச்ச நெல்லு."

"ஓம்," என்றார் மாமா, இனி மறைக்க ஒன்றுமில்லாத ஆளின் நிம்மதியோடு. "நல்ல நெல்லு மிஸ். வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்தது. படுவான்கரையில எங்கட வட்டை வயலில விளைஞ்சது."

"பச்சரிசி வரும். நாட்டரிசி வரும். போன மாசம் ஒருத்தர் குரக்கன் மாவோட கொண்டுவந்தார். அவிச்ச நெல்லு இதுதான் முதல்." அவர் போனைக் கீழே வைத்தார். "ஐயா, இதுக்குக் குடுக்கேலா."

"ஏன் மிஸ்? நனைஞ்சா குடுப்பிங்கதானே?" என்றான் நிலோஜன்.

"நனைஞ்சா குடுப்பம். நனைஞ்சபடியே கொண்டுவரோணும். காயவெச்சா அது சொந்தத் திருத்தம். திருத்தினத்துக்குத் திட்டம் இல்ல. அவிச்சதுக்கு..." அவர் ஒரு கணம் தேடினார். "அவிச்சதுக்கு இவங்க யோசிக்கவே இல்ல."

மாமா முன்னுக்குச் சாய்ந்தார். "நனைஞ்சபடியே எண்டா? வாளிக்குள்ள ஆத்துத் தண்ணியோட கொண்டுவந்திருக்கோணுமா?"

"ஓம் ஐயா. அது நல்லம். ஈரத்தோட வந்திருந்தா நானே பாஸ் பண்ணியிருப்பன். ஆனா ஒருத்தரும் ஈரத்தோட வாறல்ல. எல்லாரும் காப்பாத்திப்போட்டுத்தான் வாறாங்க."

வாங்கில் இருந்தவர்களில் சிலர் தங்கள் சொப்பிங் பைக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் எழும்பி, படியிறங்கிப் போனார்.

நிலோஜனின் குரல் இறங்கியது. "மிஸ், நான் இந்தத் திட்டத்த விக்கிற ஆள். எனக்கே இத ஒருத்தரும் சொல்லித் தரல்ல."

"சொல்லித் தந்திருந்தா வித்திருப்பிங்களா தம்பி?"

நிலோஜன் சொப்பிங் பையை மடிக்கத் தொடங்கினான். நான்தான் சும்மா இருக்க மாட்டாமல் கேட்டேன். "மிஸ், நீங்க உங்கட போனுக்குப் போட்டிரிக்கிங்களா?"

டினுஷா மேசை லாச்சியைத் திறந்து தன் போனைக் காட்டினார். தடித்த ரப்பர் உறை, சைக்கிள் டயர் போல. மூலையில் சின்ன வெடிப்பு. "நான் ஒவ்வொரு நாளும் நூறு படி ஏறி இறங்கிற ஆள். எனக்கு இது போதும்." பிறகு இரண்டு நெல்லையும் எடுத்துக் கப்புக்குள் போட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். காத்தான்குடி தாண்டியதும் மாமா சொன்னார்: "அந்தப் புள்ள அந்தக் கப் அரிசியில ஒரு நேரம் சமைக்கலாம்."

நிலோஜன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "சமைக்கலாம்," என்றான்.

பின்னேரம் கோயில் வெளிவீதியில் குடி கூடியது. கூடியது என்றால், வேலையில்லாதவர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். சீனித்தம்பிப் பெரியப்பா எல்லோர் சார்பிலும் விலகுவதற்காகக் கொம்பனி இலக்கத்துக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். முதலில் சிங்களம் வந்தது. பிறகு இங்கிலிஸ். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். ஒரு பெண் குரல், தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்றது. பெரியப்பா மரியாதைக்குச் சால்வையைச் சரிசெய்தார். பிறகு பாட்டு. பாட்டு முடிய அதே பெண், அதே முக்கியம். மறுபடி பாட்டு. பூசை மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போய்க் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்தார்கள். பாட்டு போய்க்கொண்டிருந்தது.

"நல்ல பாட்டுத்தான்," என்றார் ஒருவர்.

அதோடு பெரியப்பாவின் போனில் காசு முடிந்தது.

அடுத்து வந்த நாட்களில் விடாப்பிடியானவர்கள் சிலர் விலகினார்கள். பெரியப்பா ஒரு முழு நாளைச் செலவழித்துக் களுவாஞ்சிகுடிக்கே போய் விலகினார். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். மாமிக்கு அதில் கண் கலங்கியது.

"பாத்திங்களா, எல்லாம் நம்மட சனம்தானே. இவன்ட வேல போகப்படாதெண்டு விலகாம இரிக்காங்க."

"இல்லம்மா," என்றான் நிலோஜன். "லைன் கிடைக்கல்ல."

இதற்கிடையில் மாமாவுக்குப் போன் இல்லாமல் தொழில் நொண்டியது. மீன் எடுக்கிற றிஸ்லானின் லொறி ஒருநாள் தேற்றாத்தீவில் நிற்கும், ஒருநாள் செட்டிபாளையம் சந்தியில் நிற்கும். எங்கே நிற்கிறது என்பது போனில்தான் வரும். போன் இல்லாதபடியால் மாமா மீன் பெட்டியோடு றோட்டுக் கரையில் நின்று, பொதுவாக எல்லா லொறிக்கும் கை காட்டினார். ஐஸ் கரைந்தது. றாலின் நிறம் மாறியது.

மாதத்தின் கடைசி நாள் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு களுவாஞ்சிகுடிக்குப் போனார். கையில் ஒரு துணிப்பை. பஸ்ஸால் இறங்கும்போது கேட்டார்: "அவனுக்கு எவ்வளவு குறையுதாம்?"

"ஒண்டு," என்றேன். "ஒரே ஒராள்."

மாமா துணிப்பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

கடையில் குளிர் இருந்தது. றோய் கவுண்டருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கெட்ட மனிதர் என்று சொல்ல ஏலாது. அவருக்கும் மேலே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார். மாமா இருந்ததிலேயே மலிவான போனைக் காட்டினார். நிலோஜன் பெட்டியைத் திறந்து, பழைய இலக்கத்துக்கே எடுத்த புதுச் சிம்மைப் போட்டு, சார்ஜ் பார்த்து, எல்லாம் ஒழுங்காகச் செய்தான். அதன் பிறகு கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. கேட்காமல் பெட்டியை மூடப் போனான். றோய் தொண்டையைக் கனைத்தார்.

கடை விதிப்படி வாடிக்கையாளர் எல்லோரையும் மரியாதைக்கு 'சேர்' என்றுதான் கூப்பிடவேண்டும்.

"சேர்," என்றான் நிலோஜன்.

மாமா யாரென்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"சேர், இந்தப் போனுக்கு நிம்மதித் திட்டம் எடுக்கிறீங்களா?"

மாமா தன் மகனைப் பார்த்தார். றோயைப் பார்த்தார். "நனைஞ்சா குடுப்பிங்களா?"

நிலோஜன் தலையை நிமிர்த்தவில்லை. இந்தக் கேள்விக்கு அவன் மூன்று மாதமாகச் சொன்ன பதில் ஒன்று இருந்தது. அதை அவன் சொல்லவில்லை.

"நனைஞ்சபடியே கொண்டுவந்தா குடுப்பாங்க, சேர். துடைக்கவும் படாது."

"ஆத்துக்கு அடியில தாண்டு போனா?"

"குடுக்கமாட்டாங்க. போன் கையில இரிக்கோணும்."

"களவு போனா?"

"இல்ல, சேர்."

"அவிஞ்சா?"

நிலோஜனின் வாய் ஒருபக்கம் இழுத்தது. சிரிப்பா வேறேதுமா என்று எனக்குத் தெரியவில்லை. "அதுக்கும் இல்ல."

"மாசா மாசம் கட்டோணும்?"

"கட்டோணும், சேர்."

"சரி," என்றார் மாமா. "போடு."

"அப்பா, வேணாம்," என்றான் நிலோஜன் மிக மெல்ல.

"போடு மனே. பஸ் போகப் போகுது."

எங்கே கையெழுத்து என்று கேட்டு, காட்டிய இடத்தில் போட்டார். றோய் கையை அவிழ்த்து, மாமாவுக்குக் கை கொடுத்தார். இவ்வளவு விளக்கமாகக் கேட்டுத் திட்டம் எடுத்த வாடிக்கையாளரைத் தான் கண்டதில்லை என்றார். நிலோஜன் கணினிப் பக்கம் திரும்பி நெடுநேரம் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். முதுகுதான் தெரிந்தது.

பஸ் தரிப்பில் மாமா துணிப்பையை மடியில் வைத்துத் திறந்தார். உள்ளே போத்தல். மாமி கழுவித்தான் கொடுத்திருக்கிறார். ஆனால் மூடியின் புரியில் சிவப்பு அப்படியே ஒட்டியிருந்தது. மாமா போனைப் போத்தலுக்குள் இறக்கி, மூடியை இறுக்கி, கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"மாமா," என்றேன், "போத்தல் இரிக்கக்குள்ள திட்டம் என்னத்துக்கு?"

"போத்தல் போனுக்கு," என்றார். கடை இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

போத்தல் நடுங்கியது. மூடியைத் திறந்து, விரலை விட்டுத் தட்டி, வாயை வைத்து "ஹலோ" சொல்லப் போனவர் தும்மினார். மீண்டும் தும்மினார். கண் இரண்டும் சிவந்து தண்ணீர் ஓடியது.

"சுதா அண்ணே," என்றது போத்தலுக்குள் றிஸ்லானின் குரல். "என்ன, தடிமனா?"

"மிளகாய்த்தூள்," என்றார் மாமா, கண்ணைத் துடைத்தபடி. "லொறி எங்க நிக்கிது?"

"சந்தியில. என்னண்ணே, கிணத்துக்குள்ள இருந்தா கதைக்கிறிங்க?"

"ஓம்," என்றார் மாமா. "திரும்ப வந்துட்டன்."